நான் மறைத்ததை அம்மையப்பன் திறந்துவைத்தார்

அம்மையப்பனின் அடியார்களே, இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அவர் செய்த உதவியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

போன கார்த்திகையில் என் மனைவி சுகன்யாவின் பி.எச்டி. விண்ணப்பம் இரண்டாவது இடத்திலும் நிராகரிக்கப்பட்டது. அவள் நுண்ணுயிரியல் படித்தவள். கோழிக் குடலில் வரும் நோய்க்கிருமிகளைப் பற்றி இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறாள். நாமக்கல் பக்கம் எங்களுக்குச் சொந்தமாகக் கோழிப்பண்ணை இருக்கிறது. அன்று அவள் மடிக்கணினியை மூடிவிட்டு, "எனக்கு அவ்வளவுதானுங்க போல. இனி எங்கயும் அப்ளிகேசன் போட வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டு முட்டை எடுக்கப் போய்விட்டாள். அவள் அழவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

ஏனென்றால் அவள் வழியை அடைத்தவன் நான்தான்.

ஆய்வாளர்களுக்கான இணையதளத்தில் அவள் பெயரில் புரொஃபைல் தொடங்கி, படமும் கட்டுரைகளும் ஏற்றிக் கவனித்துக்கொண்டவன் நான். எனக்குக் கணினி பழக்கம். அதனால் என் மின்னஞ்சலிலேயே அதைத் தொடங்கினேன். எல்லா விண்ணப்பத்திலும் அந்தப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்திருந்தாள். ஐப்பசியில் ஐதராபாத்திலிருந்து ஒரு பேராசிரியர் அதன் வழியாகச் செய்தி அனுப்பினார். கட்டுரை நன்றாக இருக்கிறது, தன்னிடம் ஆய்வு செய்ய விருப்பமா என்று கேட்டிருந்தார். படித்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. இவள் போய்விட்டால் திரும்பி என்னோடு இந்தப் பண்ணையில் இருப்பாளா? நான் பதில் அனுப்பவில்லை. அவளிடமும் சொல்லவில்லை. பக்கத்தையே வெளியார் பார்க்க முடியாதபடி மாற்றிவிட்டேன். அவள் கேட்டால் என் செல்போனில் திறந்து காட்டுவேன். என் கணக்கில் மட்டும்தான் அந்தப் பக்கம் திறக்கும்.

அதோடு நிற்கவில்லை. திருச்செங்கோட்டு மலைக்குப் போய், அவளுக்கு எங்கும் இடம் கிடைக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டும் வந்தேன்.

அவள் முட்டை எடுக்கப் போன மறுநாள் திரும்பவும் மலை ஏறினேன். அம்மையும் அப்பனும் ஒரே உடம்பாக நிற்கிற சன்னதியில் என்னால் தலை நிமிர முடியவில்லை. முன்பு கேட்டதைக் கொடுத்துவிடாதே சாமி என்று அழுதேன். அவளுக்கு வழி திறக்கட்டும், எனக்கு உண்மையைச் சொல்ல வாய் திறக்கட்டும் என்று வேண்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். "சுகன்யா, உன்ற பக்கத்த மறைச்சு வெச்சது நாந்தான். ஒருத்தர் உன்னயக் கூப்புட்டாரு. அதையும் சொல்லல."

"எப்ப இருந்துங்க?" என்றாள்.

"ஐப்பசியில இருந்து."

அவள் என் செல்போனை வாங்கி அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அப்புறம் பல நாள் தீவனத்தையும் தண்ணீரையும் தவிர என்னிடம் வேறெதுவும் பேசவில்லை. பேராசிரியருக்கு அவளே எழுதினாள். இடம் இன்னொருவருக்குப் போய்விட்டது என்று பதில் வந்தது. நான் உடைந்துபோனேன். நான் முதலில் கேட்டதைத்தான் சாமி கொடுத்துவிட்டாரோ என்று நினைத்தேன். ஆனாலும் வாராவாரம் மலைக்குப் போய் அதே வேண்டுதலை வைத்தேன்.

மார்கழியில் பேராசிரியரிடமிருந்து இன்னொரு மின்னஞ்சல் வந்தது. தேர்வானவர் சேரவில்லை, நேர்காணலுக்கு வர முடியுமா என்று கேட்டிருந்தார். தையில் போனாள். தேர்வானாள்.

ஆனியில் அவளை வழியனுப்ப நாமக்கல் பேருந்து நிலையத்துக்குப் போனேன். "நேரத்துக்குச் சாப்புடுங்க" என்றாள். அந்த வார்த்தைக்கு நான் தகுதியானவனா என்று தெரியவில்லை. மன்னித்துவிட்டாளா என்று இதுவரை கேட்கவில்லை. முதல் இரண்டு இடங்களும் என்னால்தான் போயினவா என்பதும் தெரியாது. அந்தப் பாரம் என்னோடுதான் இருக்கிறது. இப்போது அவள் பக்கத்தை அவளே பார்த்துக்கொள்கிறாள். புதுக் கட்டுரை வந்தால் ஊரில் எல்லோரையும் போல நானும் வெளியிலிருந்து படிக்கிறேன்.

உங்களில் யாராவது சொந்தங்களின் வழியை அடைத்துவிட்டுத் தவித்துக்கொண்டிருந்தால், அம்மையப்பனிடம் போய் நில்லுங்கள். அவர் கேட்பார். மலை இறங்கியதும் வீட்டில் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.