கீழ் பெர்த் சுவிசேஷமுத்து

தெற்கே நாகர்கோவிலுக்குப் போவதற்காக சுவிசேஷமுத்து வடக்கே போய்க்கொண்டிருந்தார். தாம்பரத்தில் மின்ரயில் ஏறி, காலடியில் சூட்கேஸும் மடியில் காற்றுத் தலையணையுமாக உட்கார்ந்து, குரோம்பேட்டையும் பல்லாவரமும் பின்னால் போவதை நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எழும்பூரில் இறங்கி நாகர்கோவில் ரயிலைப் பிடித்து, இதே நிலையங்களை மறுபடியும் பார்த்தபடி தாம்பரத்துக்கே திரும்பி வருவார். அங்கே அவர் மனைவி ரத்தினபாய் சாப்பாட்டுக் கூடையோடு ஏறிக்கொள்வாள்.

சேலையூரில் அவர்கள் தெருவில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் இல்லை. "தெக்க போறதுக்கு வடக்க போற ஒரே ஆளு நீங்கதான் சார்" என்பார் எதிர்வீட்டுப் பொன்னுசாமி.

"தாம்பரத்துல ஏறுறவன் டிக்கெட் வாங்கினவன். எழும்பூர்ல ஏறுறவன்தான் எடம் வாங்கினவன்" என்று சுவிசேஷமுத்து பதில் சொல்வார்.

முன்பதிவு செய்த இருக்கையை யார் எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று கேட்டால் அவருக்குச் சிரிப்பு வரும். அவருக்கு வேண்டியது அவருடைய இருக்கை அல்ல, அடுத்தவருடையது. கணினி அவருக்கு எப்போதும் மேல் பெர்த்தையோ நடு பெர்த்தையோதான் ஒதுக்கியது. வண்டி கிளம்புவதற்கு முன்பே போய்க் கீழ் பெர்த்தில் போர்வையை விரித்து, அதற்கு உரியவர் வரும்போது எழுந்து நின்று, "சார், ஒரு சின்ன அட்ஜஸ்ட்மென்ட்" என்று ஆரம்பிக்க வேண்டும். பம்பு செட் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். தன் தலைக்கு மேல் மாதக்கணக்காக ஓடாத மின்விசிறியைப் பற்றி மேலாளரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ரயிலுக்குள் கால் வைத்துவிட்டால் அவர் வேறு ஆள்.

அவர் கேட்பது தனக்காக அல்ல. "வொய்ஃப் தாம்பரத்துல ஏறுறாங்க. ஹார்ட் பேஷண்ட். மேல ஏறக்கூடாதுன்னு டாக்டர் ஸ்ட்ரிக்டா சொல்லிட்டார்." ஆளைப் பார்த்து நோய் மாறும். வயதானவர்களிடம் இதயம், இளைஞர்களிடம் சிறுநீரகம், பெண்களிடம் வேறு. மறுக்க யாருக்கும் மனம் வந்ததில்லை. பிறகு தாம்பரம் வரும், ரத்தினபாய் ஏறுவாள், விழுப்புரத்துக்குள் சாப்பாடு முடியும். "மேல காத்து நல்லாருக்கும், நீ போய்ப் படு" என்று அவளை மேலே அனுப்பிவிட்டு, கீழ் பெர்த்தில் அவர் காலை நீட்டுவார்.

பொய் சொல்வதாக அவர் நினைத்ததில்லை. ஆனாலும் சபையில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவர். அதனால் ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும், தான் பெயர் சொன்ன நோய் மனைவியை அண்டக்கூடாது என்று தனியாக ஒரு ஜெபம் செய்துவிடுவார். வாயால் கொடுத்ததை ஜெபத்தால் திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்பது அவர் எண்ணம். முழங்கால் முட்டியைப் பற்றி மட்டும் அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அதற்காக ஜெபித்திருக்கவும் இல்லை.

இந்தப் பயணத்துக்குச் சில நாள் முன்பு, தண்ணீர் லாரி வந்த ஒரு காலை, குடத்தோடு தெருவில் வழுக்கி விழுந்து ரத்தினபாயின் முட்டி பலாக்காய்போல வீங்கிவிட்டது. ஊரில் அவள் அண்ணன் மகளுக்குக் கல்யாணம், போகாமல் இருக்க முடியாது. மாடிப்படிகூட ஏறக்கூடாது என்று டாக்டர் உண்மையாகவே சொல்லிவிட்டார். கையில் இருப்பவை ஒரு மேல் பெர்த், ஒரு நடு பெர்த். இந்த முறை கீழ் பெர்த் அவளுக்கே வேண்டும்.

எழும்பூரில் போர்வையை விரித்து உட்கார்ந்த சுவிசேஷமுத்துவுக்கு, சொல்லப்போவது உண்மை என்பதே ஒரு தெம்பாக இருந்தது. கீழ் பெர்த்துக்கு உரியவர் வந்தார். குரோம்பேட்டையில் செருப்புக்கடை வைத்திருக்கும் ஜலால். சுவிசேஷமுத்து வாய் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"சார், நீங்களா. அக்காவுக்கு ஹார்ட்டு இப்ப எப்டி கீது?"

போன வருடம் இதே ரயிலில் கீழ் பெர்த்தை விட்டுக்கொடுத்தவர் அவர்தான் என்பது அப்போதுதான் சுவிசேஷமுத்துவுக்கு உறைத்தது.

"தேவ கிருபையில பரவால்ல. இப்ப முட்டி."

"முட்டியா."

"வழுக்கி விழுந்துட்டாங்க. வீங்கியிருக்கு. வந்து... ரொம்ப வீங்கியிருக்கு."

பொய் சொல்லும்போது டாக்டர் பெயரும் மாத்திரைப் பெயரும் தானாக வந்து விழும். உண்மை அவர் வாயில் நொண்டியது.

ஜலால் போர்வையின் ஓரத்தை மெதுவாக ஒதுக்கிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். "தப்பா நெனைக்காதீங்க சார். போன தபா திருநெல்வேலில எறங்கறதுக்கு முழிச்சிப் பார்த்தேன். கீழ நீங்க கொறட்டை வுட்டுகினு கீறீங்க. ஹார்ட்டு பேஷண்டு மேலேர்ந்து எறங்கி, உங்களுக்கு டீ வாங்கியாரப் போறாங்க."

"மேல காத்து நல்லாருக்கும்னு அவளேதான்..."

"அக்கா வரட்டும். அவங்களையே கேட்டுக்கறேன்."

வண்டி கிளம்பியது. எதிர் இருக்கைக் குடும்பத்தாரிடம் கேட்கலாமா என்று சுவிசேஷமுத்து பார்த்தார். அவர்கள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது முகங்களில் தெரிந்தது. சைதாப்பேட்டை போயிற்று, கிண்டி போயிற்று. இந்த வண்டி தாம்பரத்தில் நிற்காமல் போய்விட்டால் என்ன என்று நினைத்தார். உடனே, வீங்கிய காலோடு நடைமேடையில் நிற்கப்போகிறவளை நினைத்து வெட்கப்பட்டார். இத்தனை வருடங்களில் ஒரு தடவையாவது அவளைக் கீழே படுக்க விட்டிருக்கலாம். அது ஏன் தோன்றவே இல்லை? யோசித்துப் பார்த்தார். படுத்தால் அப்படிச் சுகமாக இருந்தது, அவ்வளவுதான்.

தாம்பரத்தில் பக்கத்து வீட்டு ஜீவரத்தினம் டீச்சரின் தோளைப் பிடித்தபடி ரத்தினபாய் நின்றிருந்தாள். கணுக்கால் வரை பேண்டேஜ் சுற்றியிருந்தது. ஒவ்வொரு படிக்கும் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஏறினாள். அதைப் பார்த்ததும் ஜலால் தானாக எழுந்துவிட்டார்.

"வாங்கக்கா. இங்க காலை நீட்டி உக்காருங்க. எனக்கு நடு பெர்த் போதும்."

"உங்களுக்கு எதுக்குத் தம்பி சிரமம்?"

"இருக்கட்டும்க்கா. ஹார்ட்டு ஆபரேஷன் பண்ண எடத்துல இப்ப வலி இல்லியே?"

"யாருக்கு?"

சுவிசேஷமுத்து மேலே மின்விசிறியை உற்றுப் பார்த்தார். ஜலால் ஒருமுறை அவரைப் பார்த்துவிட்டு, "அப்ப அது வேற யாரோக்கா. நான்தான் மாத்திச் சொல்றேன்" என்றார்.

வண்டி நகர்ந்தது. ரத்தினபாய் முட்டியைத் தடவிக்கொண்டாள். வண்டலூர் தாண்டியதும் கணவனிடம் கேட்டாள். "அந்த வருஷம் கோவில்பட்டில எறங்கின அம்மா என் கையைப் பிடிச்சு அழுதாங்களே. அது ஹார்ட்டா?"

அவர் குரல் தாழ்ந்தது. "இல்ல. அது கர்ப்பப்பை."

ஜலாலின் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியது. தோள்கள் குலுங்கின.

"நானும் இத்தன வருஷமா, ரயில்ல வர ஜனங்கதான் எவ்வளவு அன்பானவங்கன்னு சர்ச்சுல சாட்சி சொல்லிட்டிருக்கேன்."

"இந்தத் தடவ உனக்காகத்தான் கேட்டேன் ரத்தினம். சத்தியமா."

"மேல காத்து நல்லாருக்கும்ல?"

"இருக்கும்."

"அப்ப ஏறுங்க."

செங்கல்பட்டு ஏரியில் இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது. அந்த நேரத்தில் யாரும் படுக்க மாட்டார்கள். ஆனால் ரத்தினபாய் போர்வையை இழுத்து, காலை நீட்டிப் படுத்துவிட்டாள். சுவிசேஷமுத்து செருப்பைக் கழற்றினார். ஏணியின் முதல் கம்பியில் ஒரு காலை வைத்து, மேலே எதையோ இறுகப் பற்றிக்கொண்டு தொங்கினார். இன்னொரு கால் அடுத்த கம்பியைத் தேடி அந்தரத்தில் துழாவியது. ரத்தினபாய் கண்ணைத் திறக்கவில்லை. படுத்த வாக்கிலேயே கையை நீட்டி, அந்தப் பாதத்தைப் பிடித்துக் கம்பியின்மேல் வைத்தாள்.