லிங்கில் விட்டுப்போன குறி

பேட்டையில் புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். முக்கூடலில் இருந்து வந்த மருந்துக்கடை அண்ணாச்சி ஒருவர், திரையில் எதைத் தொடுவதற்கு முன்பும் விரலை வேட்டியில் துடைத்துக்கொள்வார். மறைந்த மனைவியின் சமையல் குறிப்புகளைச் சிறு மின்நூலாக்கி, தலைத்திவசத்தன்று உறவினர்களுக்கு அனுப்ப வேண்டும் என்றார்.

தேங்காய்ப்பால் குழம்பான சொதியின் குறிப்பில் அந்த அம்மாளின் குரல்பதிவுக்கு ஒரு லிங்க் இருந்தது. பதிவு எந்த நொடியில் தொடங்க வேண்டும் என்பதை, லிங்கின் கடைசியில் # குறி போட்டு மகள் சேர்த்திருந்தாள். அந்தக் குறிக்கு முன்னால் ஒரு சாய்கோடு போடாவிட்டால், பக்கமாக மாற்றும் மென்பொருள் அதைத் தனக்கான கட்டளை என்று எடுத்துக்கொள்ளும். சாய்கோடு விட்டுப்போய், நொடிக்கணக்கும் காணாமல் போயிருந்தது.

அண்ணாச்சி விரலைத் துடைத்துவிட்டு லிங்கைத் தொட்டார். பதிவு முதலில் இருந்தே ஓடியது. வெறும் மின்விசிறிச் சத்தம். பிறகு அந்த அம்மாளின் குரல்.

"ஏங்க, அங்கன இருக்கீயளா?"

பதில் இல்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "ஏங்க." அதற்குப் பிறகுதான் தேங்காய்ப்பாலைப் பற்றிப் பேச்சு தொடங்கியது.

"இத நான் கேட்டதே இல்லியே," என்றார் அண்ணாச்சி.

"குறியச் சரிபண்ணிட்டா நேரா சொதிக்குப் போயிரும் அண்ணாச்சி."

"வேண்டாம் தம்பி. இப்படியே இருக்கட்டும்." விரலை மறுபடி துடைத்தார். "அன்னைக்கு நான் வீட்லதான் இருந்தேன்."

அப்படியே கொடுத்தனுப்பினேன். சொதி வைக்க அந்த நூலைத் திறக்கும் ஒவ்வொரு வீட்டிலும் அந்த அம்மாள் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார். அதை ஊரெல்லாம் கேட்கட்டும் என்று அவர் ஏன் விட்டார் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.