முட்டும் முழங்காலும்

ஏவன்டேலில் எங்களைப் பார்த்த பழைய டொக்டர் யாழ்ப்பாணத்து ஆள். நாங்கள் த்ரீ கிங்ஸுக்கு வீடு மாறும்போது ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார்.

"ஆர் இதயத்துக்குக் குளிசை தந்தாலும் முதல்ல முட்டு இருக்கெண்டு சொல்லுங்கோ அம்மா. சில குளிசை இதயத்தை அடக்கும், ஆனா மூச்சுக்குழாயையும் இறுக்கிப்போடும்."

முட்டு என்றால் எங்களுக்கு இழுப்பு. சுவாசப்பை பழுதாகி எனக்கு அது நெடுநாளாக இருக்கிறது.

பிறகு நெஞ்சு படபடக்கிறது என்று புது டொக்டரிடம் போனேன். வெள்ளைக்காரர். என் பழைய காகிதங்கள் இன்னும் அவருக்கு வந்து சேரவில்லை. மகள் வெஸ்ட்கேட்டில் வேலைக்குப் போய்விட்டாள். அதனால் மொழிபெயர்க்கிற பிள்ளை ஒன்றைப் போனில் பிடித்து மேசையில் வைத்தார். தமிழ்நாட்டுக் குரல்.

நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்த்தார். இதயம் கண்டபடி ஓடுகிறதாம், குளிசை எழுதப் போகிறாராம், வேறு நோய் வருத்தம் ஏதும் உண்டா என்று கேட்டார். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பெரிய ஆட்களுக்கு முன்னால் வாய் வராது. இருந்தாலும் சொன்னேன்.

"பிள்ளை, எனக்கு முட்டு இருக்கு."

"முட்டியா? சரிம்மா, சொல்லிடுறேன்."

டொக்டர் எழும்பி வந்து என் முழங்காலை அமுக்கிப் பார்த்தார். நான் வெட்கத்தில் சேலையை இழுத்துக்கொண்டேன். சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. கால் தானாக எழும்பி அவருக்கே உதைத்தது. "சொரி" என்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீசில் பாதி அதோடு முடிந்தது. இந்த ஊரில் இழுப்பை முழங்காலில்தான் பார்ப்பார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் திரும்பிப் போய்க் கம்ப்யூட்டரில் தட்டினார். எனக்குப் பயம் வந்தது.

"பிள்ளை, அவரிட்ட முட்டை மறந்துபோடாதேங்கோ எண்டு சொல்லும்."

போன் திருப்பிக் கேட்டது: "முட்டை சாப்பிடலாமான்னு கேக்குறீங்களாம்மா?"

தாராளமாகச் சாப்பிடலாமாம்.

பிரின்டர் மருந்துக் காகிதத்தைத் துப்பியது. இனி வாயை நம்பினால் மூச்சு போய்விடும். கைப்பையைத் திறந்து, இழுப்புக்கு வாயில் அடிக்கிற நீலப் பம்பை எடுத்து மேசையில் வைத்தேன். "இது! இதுதான் முட்டு!" என்று சொல்லி, கீய் கீய் என்று இழுத்தும் காட்டினேன். காட்டப்போய் உண்மையாகவே இழுக்கத் தொடங்கிவிட்டது.

டொக்டர் ஓடிவந்து முதுகில் குழாய் வைத்தார். காகிதத்தை இரண்டாகக் கிழித்தார்.

"ஐயோ, வீசிங்கா! எங்க ஊர்ல முட்டின்னா காலும்மா" என்றது போன்.

பம்பை அடித்து மூச்சு வந்ததும் கேட்டேன்: "உங்கட ஊரில ஆக்கள் காலாலயோ பிள்ளை மூச்சு விடுறவை?"

அது விழுந்து விழுந்து சிரித்தது. இவ்வளவு கதைத்தது நானா என்று எனக்கே நம்ப முடியவில்லை.

டொக்டர் வேறு குளிசை எழுதினார். இது பெரும்பாலும் இதயத்தோடு நின்றுகொள்ளுமாம். குறைந்த அளவில் தொடங்கி, மூச்சைப் பார்த்துப் பார்த்துக் கூட்டலாமாம். அப்படியே படபடப்பு அடங்கியது, மூச்சும் பழையபடி இருக்கிறது.

ஆனால் மருந்துக்கடையில் குளிசையோடு முழங்காலுக்கு ஒரு களிம்பும் தந்தார்கள். முதல் கம்ப்யூட்டரில் தட்டியதில் டொக்டர் அதை மட்டும் நீக்க மறந்துவிட்டார். திருப்பிக் கொடுக்க வெட்கப்பட்டுப் பூசிப் பார்த்தேன். நல்ல களிம்பு. இப்போது மாடிப்படி ஏறினால் கால் நோவதே இல்லை. மேலே போன பிறகுதான் முட்டு.