சீப்பு படாத பக்கம்

என் மகளுக்கு எட்டு வயது நடந்தபோது தலையில் அக்கி வந்தது. வலது புருவத்துக்கு மேலே கொப்புளமாகத் தொடங்கி, நெற்றியில் ஏறி, உச்சி வரை போயிற்று. இடது பக்கம் ஒன்றுமில்லை. நடுவகிடு எடுத்தது போல அந்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டது.

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பத்தார் அக்கி வந்தால் ஆஸ்பத்திரிக்கு முன்னால் அக்கி எழுதத்தான் போவார்கள். சந்தைக்குப் பின்னால் சட்டி பானை விற்ற ஒரு வேளார் எழுதுவார். செங்காவியைக் குழைத்துக் கொப்புளங்களின் மேல் சிங்கம் மாதிரி ஒன்றை வரைவார். முடியின் மேல் காவி பிடிக்காது என்று அந்தப் பக்கத்து முடியை ஒட்ட வெட்டச் சொன்னார். வெட்டினோம்.

கொப்புளங்கள் காய்ந்து உதிர்ந்தன. வலி உதிரவில்லை. பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வலி நரம்பில் இருக்கிறது, சிலருக்கு மாதக்கணக்கிலும் சிலருக்கு வருஷக்கணக்கிலும் இருக்கும், தானாகப் போகும் என்று டாக்டர் சொன்னார். மாத்திரை கொடுத்தார். அதைத் தின்றால் பிள்ளை தூங்கினாள், விழித்தால் வலித்தது.

வெட்டிய முடி முளைத்து வந்த மாதங்கள்தான் மிகவும் கொடுமை. குட்டை முடி நட்டமாக நிற்கும். தலையணையில் உரசினால் ஒவ்வொரு மயிரும் வேரோடு திரும்பும். காயல் காற்று வீசினால்கூடக் கையால் தலையை மறைப்பாள், கை பட்டு அலறுவாள். சுவரில் இடது தோளைச் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். முடி வளர்ந்து தன் வாட்டத்தில் படிந்த பிறகுதான் அவளும் பாயில் படுத்தாள். நீளமான முடி, அதன் போக்கில் கிடந்தால், வலியில்லை. அதை எதிர்த்து வாரினாலோ மேலே தூக்கினாலோ இழுத்தாலோ வலி. இவ்வளவுதான் அந்த நோயைப் பற்றி நாங்கள் கற்றுக்கொண்டது.

என் மனைவி தோப்பும்படியில் இறால் உரிக்கும், இங்கே சொல்வதுபோல் செம்மீன் கிள்ளும், கொட்டகைக்குப் போய்க்கொண்டிருந்தாள். விடிவதற்கு முன்பே புறப்பட வேண்டும். ஐஸில் கிடந்த இறாலை நாள் முழுக்க உரித்து உரித்து விரல் நுனியெல்லாம் வெளுத்துப் புண்ணாகியிருக்கும். அந்தக் கையால் சிக்கெடுக்க அவளுக்கும் முடியாது, பொறுமையும் கிடையாது. ஆகவே காலையில் மகளுக்குத் தலை பின்னும் வேலை எனக்கு வந்தது.

நான் சுக்குக் கிடங்கில் வேலை பார்த்தேன். சுக்கு வெளுப்பதற்குச் சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கி எடுத்துக் காயப்போட வேண்டும். என் கை பனஞ்சிராய் மாதிரி இருக்கும். முதல் நாள் அவள் முடியில் கை வைத்ததும் விரல் வெடிப்பில் முடி மாட்டியது. அவள் கத்தவில்லை. என் வேட்டியை இறுகப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் கஞ்சித் தண்ணீரில் கையை ஊறவைத்து, காலையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டுதான் உட்காருவேன்.

கொஞ்சம் கொஞ்சமாக வழி பிடிபட்டது. வலது பக்கத்தில் சீப்பே படக்கூடாது. விரல் மட்டும், மேலிருந்து கீழே. இடது பக்கத்தை நுனியிலிருந்து தொடங்கி மேலே ஏறிச் சீவ வேண்டும். சிக்கு வந்தால் அதற்கு மேலே முடியை இடது கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். இழுப்பு என் கையோடு நிற்கும், தலைக்குப் போகாது. வகிடு கிடையாது. எல்லா முடியையும் பிடரியில் சேர்த்து, இடது தோள் பக்கம் கொண்டுவந்து, காதுக்குக் கீழேதான் பின்னலைத் தொடங்குவேன். முதல் பிடிகளைத் தொளதொளவென்று விட்டு, தோளுக்குக் கீழே வந்த பிறகு இறுக்குவேன். ரிப்பன் வழுக்கும், அதை இறுக்க வேண்டிவரும் என்பதால் பழைய மல்லு வேட்டியிலிருந்து கிழித்த நாடாவால் நுனியில் மட்டும் ஒரு முடிச்சு. சீயக்காய் எரிந்ததால் செம்பருத்தி இலையைக் கசக்கி வழுவழுப்பான தாளி எடுத்து ஊற்றுவோம், தேய்க்க மாட்டோம்.

எங்கள் வீட்டுக்குள் பகலிலும் இருட்டு. வாசல்படியில் உட்கார்ந்தால்தான் முடி தெரியும். நான் நாலு பேர் முன்னால் தும்முவதற்கே கூசுகிற ஆள். கிடங்குக்குப் போகிறவர்கள் எல்லோரும் எங்கள் வாசல் சந்து வழியாகத்தான் போவார்கள்.

"எந்தா அண்ணாச்சி, என் கெட்டியவளுக்கும் ஒண்ணு பின்னித் தரணே!" என்று என்னோடு மூட்டை தூக்கும் ஒருவன் தினமும் சொல்வான்.

எனக்குக் காது சுடும், தலை நிமிராது. மகள்தான் பதில் சொல்வாள்.

"சேட்டனுக்குப் பின்னி விடச் சொல்றேன். ஆனா சேட்டன் தலையில எங்க பின்றது?"

அவனுக்கு வழுக்கை. சிரித்துக்கொண்டே தலையைத் தடவியபடி போவான்.

பக்கத்துச் சின்னப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை இந்தப் பின்னலோடு போனாள். அங்கே யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் நாலாம் வகுப்போடு நின்றவன். என் மனைவி பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்ததில்லை. ஐந்தாம் வகுப்புக்குப் பெண்களுக்கான பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது என் மனைவி அங்கேயே, கேட்டுக்கு வெளியே, மகளின் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "இந்தக் கை ஒண்ணாச்சும் செம்மீன் நாத்தம் இல்லாம இருக்கட்டும்." எங்களுக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

அந்தப் பள்ளியில் இரட்டைப் பின்னல் பின்னி, மடித்து, காதுக்கு மேலே கறுப்பு ரிப்பனால் கட்டியிருக்க வேண்டும். முதல் வாரமே வகுப்பு டீச்சர் இவளை வெளியே நிற்க வைத்தார். இரண்டாவது வாரம் ஆயாவைக் கூப்பிட்டு வராந்தாவில் வைத்துப் பின்னி விடச் சொன்னார். ஆயா மற்றப் பிள்ளைகளுக்குப் பின்னுவது போல இழுத்துத்தான் பின்னியிருக்கிறாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிள்ளையின் வலது கண் வீங்கிச் சிவந்திருந்தது. வாந்தி எடுத்தாள்.

"வலிக்குதுன்னு சொன்னியாடி?" என்று மனைவி கேட்டாள்.

"சொன்னேன். எங்க வலிக்குது, காட்டுன்னு கேட்டாங்க. காட்டினேன். ஒண்ணும் இல்லியேன்னாங்க."

உண்மையிலேயே தலையில் ஒன்றும் இருக்கவில்லை. தழும்புகூட மங்கிவிட்டது. டாக்டர் சொன்னால் கேட்பார்கள் என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். பழைய டாக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர் பிள்ளையின் தலையை விளக்குக்குக் கீழே திருப்பிப் பார்த்துவிட்டு, தோல் நன்றாக இருக்கிறது, பள்ளிக்கூடத்துக்குப் போகாமலிருக்கப் பிள்ளைகள் இப்படிச் சொல்வதுண்டு என்றார்.

இரட்டைப் பின்னலையே வலிக்காமல் போட முடியுமா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க முயன்றேன். பிடரியில் தொளதொளவென்று இரண்டாகப் பிரிக்கலாம், அது பரவாயில்லை. மடித்து மேலே கட்டியதும் வலது பின்னலின் பாரம் முழுக்கக் காதுக்கு மேலே, அந்த வலிக்கிற இடத்தில் தொங்கியது. என் மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஊசி நூலை எடுத்து, சட்டைக் காலருக்கு உள்பக்கம் ஒரு சின்ன நாடா வளையம் தைத்தாள்.

"பாரம் முடியில தொங்குனாத்தானே வலிக்கும்? சட்டையில தொங்கட்டும்."

மடித்த வலது பின்னலை அந்த வளையத்தில் கோத்து, அதன் மேல் ரிப்பனைப் பூவாகக் கட்டினோம். காதுக்கு மேலே இல்லை, கீழேதான். ஆனாலும் தூரத்திலிருந்து பார்த்தால் மற்றப் பிள்ளைகள் மாதிரியே இருந்தது. மகள் தலையை மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"வலிக்கலப்பா."

"நல்லாப் பாரு."

"வலிக்கலன்னு சொல்றேன்ல. இனிமே என்னையும் ஆள்னு சேத்துக்குவாங்க."

அந்த மழைக்காலம் முழுக்க அப்படியே போனாள். டீச்சர் ஒரு தடவை 'இப்ப நல்ல குட்டியாயி' என்று சொன்னாராம். காலையில் மலையாளப் பாடத்தை வாய்விட்டுப் படிப்பாள். எனக்குப் புரியாவிட்டாலும் பின்னிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன்.

மழை நின்றதும் மைதானத்தில் உடற்பயிற்சி தொடங்கியது. நானும் என் மனைவியும் நிமிர்ந்து நிற்கிற பிள்ளையைத்தான் நினைத்திருந்தோம். குனிந்து கால் விரலைத் தொடச் சொல்வார்கள் என்று தோன்றவே இல்லை. விசில் ஊதியதும் எல்லாப் பிள்ளைகளும் சட்டென்று குனிந்தார்கள். இவளும் குனிந்தாள். பின்னல் காலரோடு கட்டியிருந்தது. தலை மட்டும் கீழே போனது. அவள் அலறி மண்ணில் விழுந்து சுருண்டாள். தூக்க வந்த டீச்சர் காலரில் வளையத்தைப் பார்த்தார். என்னமோ ஏமாற்று வேலை என்று நினைத்து, எல்லோர் முன்னாலும் அதைப் பிய்த்து எடுத்தார். பின்னலும் அதோடு சேர்ந்து இழுபட்டது. மகள் அவர் கையைக் கடித்துவிட்டாள்.

மறுநாள் என்னை வரச் சொன்னார்கள். கிடங்கில் சொல்லிவிட்டு, சுண்ணாம்பு ஒட்டிய கையைக் கழுவிக் கழுவிப் பார்த்துவிட்டு, பின்னால் கட்டிக்கொண்டு போய் நின்றேன். தலைமை ஆசிரியை என்னைத் திட்டவில்லை. எனக்குப் புரிய வேண்டும் என்று நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"இவிட எல்லா குட்டிகளுக்கும் ஒரே நியமம். இவளுக்கு மாத்திரம் வேற நியமம் வெச்சா, மற்ற அம்மமாரோட ஞான் எந்து பறயும்?"

"டீச்சர்," என்றேன். "அவ பொய் சொல்ற பிள்ளை இல்ல. கண்ணுக்குத் தெரியாது, ஆனா வலி இருக்கு. கடைசி பெஞ்சுல உக்காரட்டும். ஒத்தப் பின்னலா இருக்கட்டும். யாரும் பாக்க மாட்டாங்க." என் வாழ்நாளில் ஒரு படித்தவர் முன்னால் நான் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

அவர் மேஜை மேல் கையைக் கோத்துக்கொண்டார். "டீச்சரைக் கடிச்சு. அதுக்கே வெளியாக்கணும். ஞான் ஆக்குன்னில்லா. ஒண்ணுங்கில் மற்றக் குட்டிகளைப் போலே ரெண்டு பின்னி மடக்கிக் கெட்டணும். இல்லெங்கில் பாய் கட் வெட்டிக் கொண்டு வரணும். பின்னே ஒரு பிரச்னையும் இல்லல்லோ?"

பள்ளியிலிருந்து நீக்காமல் விடுவது அவருக்கு இரக்கமாகத்தான் தோன்றியிருக்கும்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் மனைவி கத்தரியை எடுத்துப் பாயில் வைத்தாள். யாரும் அதைத் தொடவில்லை. மகள் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"வெட்டிக்கிறியா, தங்கம்?" என்று நான் கேட்டேன்.

"வெட்டுனா பழைய மாதிரி உக்காந்துதான் தூங்கணும். தூங்காம எப்படிப்பா படிக்கிறது? வலிக்கிற தலையோட அங்க போனா 'பாண்டி மொட்ட'ன்னு வேற கூப்பிடுவாங்க."

"அப்ப என்னடி செய்யப் போற?" என்றாள் என் மனைவி.

"நா உங்ககூட வரேன்மா. செம்மீன் கிள்ள."

என் மனைவி அவளை அடித்தாள். முதுகில், தோளில், தொடையில் அடித்தாள். அவ்வளவு ஆத்திரத்திலும் ஒரு அடிகூடத் தலைப் பக்கம் போகவில்லை. பிறகு கத்தரியை எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் எறிந்துவிட்டு, அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்கு யாரும் சாப்பிடவில்லை.

சில நாள் பொறுத்துப் பார்த்தோம். எந்தப் பள்ளிக்கூடத்தில் கேட்டாலும் பின்னல் அதே பின்னல்தான். அதற்குப் பிறகு ஒரு திங்கட்கிழமை மகளும் அவள் அம்மாவும் சேர்ந்து கொட்டகைக்குப் புறப்பட்டார்கள். விடியவில்லை, மண்ணெண்ணெய் விளக்கை வைத்துக்கொண்டு நான் மகளுக்குப் பின்னினேன். கொட்டகையில் தலையில் துணி கட்டச் சொல்வார்கள், முடிச்சை இடது பக்கம் போட்டுக்கொள் என்று சொல்லி அனுப்பினேன். அங்கே மேற்பார்வை பார்ப்பவன் அவள் தலையைப் பார்க்கவே இல்லையாம். கையை நீட்டச் சொல்லி, விரல் மெல்லிசா இருக்கு, சின்னச் செம்மீனுக்கு நல்லது என்றானாம். ராத்திரி வந்து இதைச் சொல்லும்போது மகள் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

அவளுக்குப் பதின்மூன்று ஆனபோது, ஒரு விடுமுறை நாளில் நான் கடைக்குப் போய்த் திரும்பி வந்தேன். மகள் வாசலில் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு வலது பக்கம் நெற்றியிலிருந்து உச்சிக்கு ஏறிப் பின்னால் இறங்கியது. முகம் சுளிக்கவில்லை.

"வலிக்கலியா?"

"இல்லப்பா."

"எப்பலேர்ந்து?"

"கொஞ்ச காலமாவே இல்ல."

"ஏன்டா சொல்லல?"

சீப்பில் சுற்றிய முடியை எடுத்துச் சுருட்டினாள். "சொன்னா நீங்க ஸ்கூலப் பத்திப் பேச ஆரம்பிப்பீங்க."

பேசினேன். போய்க் கேட்கிறேன், அந்தத் தலைமை ஆசிரியை இல்லாவிட்டாலும் வேறு யாராவது இருப்பார்கள், அதே ஐந்தாம் வகுப்பில் திரும்பவும் சேர்ப்பார்கள் என்றேன். இந்தத் தடவை கூச்சப்படாமல் பேசுவேன் என்றும் சொன்னேன்.

"அத்தனூண்டு பிள்ளைங்களுக்கு நடுவுல ஒட்டகம் மாதிரி உக்காரவா?" என்று சிரித்தாள். "அதெல்லாம் மறந்து போச்சுப்பா. எழுத்தே பாதி மறந்து போச்சு."

மறுநாள் விளக்கை எடுத்துக்கொண்டு நான் எழுந்து வருவதற்குள் அவளே தலையைப் பின்னி முடித்திருந்தாள். கொட்டகைக்கு வரும் மற்றப் பெண்களைப் போலவே இழுத்து, இறுக்கிப் பின்னியிருந்தாள்.