ஞாயிற்றுக்கிழமைக் கல்

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முழுதாக முடித்த முதல் ஆள் நான். உயர்தரப் பரீட்சைக்கு முன், என் சாதகத்தில் சூரியனுக்குப் பலமில்லை, மாணிக்கம் போடவேண்டும் என்று சாத்திரியார் சொன்னார். அம்மா தன் சங்கிலியை அழித்துச் சிவப்புக் கல் மோதிரம் செய்வித்தார். ஞாயிறு காலைகளில் அதைப் பாலில் கழுவி, எங்கள் ஊர் அக்கராயன் வயல்வெளியில் எழும் வெயிலுக்கு ஒருதரம் காட்டி, என் விரலில் போட்டுவிடுவார். எனக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தபோது அயலில் எல்லாரும் மோதிரத்தைத்தான் புகழ்ந்தார்கள். படித்தவள் நான். அது எனக்குள் எரிந்துகொண்டே இருந்தது.

பல்கலைக்கழகத்தில் கனிமங்களைப் படித்தேன். மாணிக்கமும் ஸ்பினல் என்ற இன்னொரு சிவப்புக் கல்லும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். பத்துவரை போகும் கடின அளவில் மாணிக்கத்துக்கு ஒன்பது, ஸ்பினலுக்கு எட்டு. மாணிக்கம் சற்றுப் பாரமும் கூட. மோதிரத்தில் பதித்த கல்லைக் கீறவோ தனியே நிறுக்கவோ முடியாது. ஒளிதான் வழி. மாணிக்கம் தனக்குள் வரும் ஒளியை இரண்டாகப் பிரிக்கும். அதற்கென உள்ள சின்னக் குழலால் பார்த்தால் ஊதா கலந்த சிவப்பும் செம்மஞ்சள் கலந்த சிவப்பும் அருகருகே தெரியும். ஸ்பினலை எப்பக்கம் திருப்பினாலும் ஒரே சிவப்பு.

கடைசி விடுமுறைக்கு அந்தக் குழலைக் கொண்டுவந்தேன். ஞாயிறு காலை அம்மா பாலோடு வந்தபோது, முற்றத்தில் நின்று கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரே சிவப்பு.

“அம்மா, இது மாணிக்கம் இல்லை. ஸ்பினல்.”

“அதென்ன பிள்ளை?”

“வேற கல்லு. நிறம் மட்டும்தான் அதுமாதிரி.”

“அப்ப சூரியன்ரை கல்லு இல்லையோ?”

“இல்லை. நான் படிச்சுத்தான் பாஸ் பண்ணினனான்.”

மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த அப்பா சிரித்தார். “இவ்வளவு நாளும் கல்லுக்கு வாத்த பாலைக் கண்டுக்குட்டிக்கு விட்டிருந்தா, அதாவது கொழுத்திருக்கும்.”

அம்மா சிரிக்கவில்லை. “நீதானே படிச்சனி. ஆர் இல்லையெண்டது?” என்று சொல்லிக் குசினிக்குள் போனார். சற்று நேரத்தில் அந்தப் பாலை விட்டுத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார்.

குடிக்கும்போதுதான் உறைத்தது. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. என் படிப்பில் அவர் கைபட்டது அந்த மோதிரத்தில் மட்டும்தான்.

அடுத்த ஞாயிறு மோதிரத்தைக் கழற்றிக் குசினி மேசையில் வைத்துவிட்டு, அம்மா முன்போலப் பாலில் கழுவுவார் என்று பக்கத்தில் நின்றேன். அம்மா அதை எடுத்தார். ஈரம் படாத இடமாகப் பார்த்து யன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு, புட்டுக்கு மா குழைக்கத் தொடங்கினார்.