எதிர் கிளினிக்கின் இரண்டு நிமிட ஸ்ட்ரிப்

குடவாசலில் நான் கிளினிக் வைத்து இருபது வருடத்துக்கு மேலான பிறகு, நேர் எதிரே ஒரு இளம் டாக்டர் போர்டு மாட்டினார். அதுகூடப் பரவாயில்லை. சிறுநீரில் ஒரு ஸ்ட்ரிப்பை முக்கி எடுத்து, நிறத்தைப் பார்த்து, கிருமி உண்டா இல்லையா என்று இரண்டே நிமிடத்தில் சொல்லிவிடுவார். நானோ கிருமி வளர்கிறதா என்று பார்க்கத் தஞ்சாவூர் லேபுக்குக் கல்ச்சருக்கு அனுப்பிவிட்டு, "ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்பேன். ஜனங்கள் எங்கே போவார்கள்? அவர் வாசலில் செருப்பு விட இடமில்லை. நான் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். பொறாமைதான், மழுப்ப மாட்டேன். ஜன்னல் திரையை விலக்கி அங்கே யார் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பேன், வெட்கமே இல்லாமல்.

ஒரு நாள், எப்போதும் என்னிடமே காட்டும் பெண் ஒருத்தி வந்தாள். ஆறு மாதக் கர்ப்பம். முதல் குழந்தை குறைமாதத்தில் பிறந்து தங்கவில்லை.

"எதுத்தாப்புல காட்டினேங்க டாக்டரம்மா. டெஸ்ட்டு பாத்துட்டு ஒண்ணுமில்லன்னுட்டாரு. ஆனா நீர்க்கடுப்பு நிக்கலீங்க."

அங்கேயே போயேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டு, "டெஸ்ட்டுக்கு முன்னாடி என்ன குடிச்சே?" என்றேன்.

"சூடுதானேன்னு காலையிலேருந்து மூணு எளநி, ஒரு சொம்பு மோருங்க. அரை மணிக்கொரு தடவ போய்க்கிட்டே இருந்தேன்."

அடக் கடவுளே! எங்கள் பக்கத்தில் கடுப்பு என்றாலே சூடு, சூடு என்றாலே இளநீர். வெறும் தண்ணீராய்ப் போனதில் ஸ்ட்ரிப் எதைக் கண்டுபிடிக்கும்? கிருமியே இருந்தாலும், சிறுநீர் சில மணி நேரம் உள்ளே தங்கினால்தான் நிறம் சரியாக மாறும். மறுநாள் எழுந்ததும் போகிற முதல் சிறுநீரைக் கொண்டுவரச் சொல்லி லேபுக்கு அனுப்பினேன். ரிப்போர்ட் வந்ததும் மருந்து என்றேன்.

இரண்டு நாளும் எனக்கு ஒரே வேண்டுதல், கிருமி இருக்க வேண்டும். அது சிறுநீரகத்துக்கு ஏறினால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்று தெரியும். தெரிந்தேதான் வேண்டினேன்.

ரிப்போர்ட் காலையிலேயே போனுக்கு வந்துவிட்டது. கிருமி வளர்ந்திருந்தது, எந்த மருந்து கேட்கும் என்றும் போட்டிருந்தார்கள். பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை காத்திருந்தேன். அப்போதுதான் அவரிடம் கூட்டம் நெரியும். ரோட்டைத் தாண்டி, அத்தனை பேரையும் விலக்கிக்கொண்டு நேரே அவர் அறைக்குள் போனேன்.

"உங்க ஸ்ட்ரிப்புல ஒண்ணுமில்லன்னு அனுப்பின கேஸ் சார். பாருங்க."

வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் படித்துவிட்டு எழுந்து நின்றார்.

"என் தப்புதான் மேடம். கடுப்பு இருக்குன்னு சொன்னப்பவே நானும் லேபுக்கு அனுப்பியிருக்கணும்."

எனக்கு உள்ளம் குளிர்ந்துபோனது.

"அந்தம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். "மருந்து ஆரம்பிச்சாச்சா?"

அவளுக்கு நான் இன்னும் போன்கூடச் செய்திருக்கவில்லை.