மஞ்சள் தண்ணீர் தெளித்த முடக்கு

என் முதல் கப்பை ஒரு முடக்கில், அதாவது ரோட்டு வளைவில், மெதுவாகப் போனதால் வென்றேன். கார்ப் பந்தயம் ஓட்டியவன் இப்படிச் சொல்வதே வெட்கக்கேடு. ஆனால் என் வெட்கம் அதோடு முடியவில்லை. பத்திரிகைக்காரர்கள் முதல் வெற்றியைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் "லொறி ஓட்டின அனுபவம்" என்று சொல்லிச் சிரித்தேன். அவர்களும் அதை நம்பி எழுதிக்கொண்டு போனார்கள்.

இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில் அப்பா தேயிலை லொறி ஓட்டினார். அதே லொறியில் நான் கிளீனராக ஏறினேன். அவருக்குப் பிறகு ஸ்டீயரிங் என் கைக்கு வந்தது. உதவி மேனேஜரான எங்கள் சின்னத்துரைக்குப் பந்தயப் பைத்தியம். ஒரு பழைய காரை வாங்கி, பின்சீட்டைக் கழற்றி எறிந்து, எஞ்சினை என்னைக் கொண்டே பிரித்துப் பூட்டினார். இரண்டு தடவை அதை ரோட்டோரத் தண்ணீர் ஓடும் கானுக்குள் இறக்கிய பிறகு சாவியை என்னிடம் நீட்டினார்.

"நீ ஓட்டு. எனக்கு உயிர் மேல ஆசை இருக்கு" என்றார்.

மழையில் பாரம் ஏற்றிய லொறியோடு அந்த மலைகளில் இறங்கி ஏறியவனுக்கு, காலியான சின்னக் கார் ஒரு விளையாட்டுச் சாமான்தான். நுவரெலியாப் பக்கம் இரண்டு மண் பந்தயங்களில் மூன்றாவதாக வந்தேன். தோட்டத்தில் என் பேச்சாகவே இருந்தது. கொழுந்து நிறுக்கிற இடத்தில்கூட என் கியர் மாற்றத்தைப் பற்றிப் பேசினார்களாம். கேட்கக் கேட்க எனக்குத் தலை வீங்கியது, ஒளிப்பானேன்.

எழுபதுகளின் கடைசியில் ஓர் ஏப்ரலில், பந்தயம் எங்கள் தோட்டத்து ரோட்டுக்கே வந்தது. ஆற்றுப் பாலத்தில் தொடங்கி, தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களைத் தாண்டி ஏறி, தேயிலைப் பெக்டரியைச் சுற்றி, மறுபக்க ரோட்டால் பாலத்துக்கு இறங்க வேண்டும். மூன்று சுற்று. நான்கு கார்கள் ஒன்றாகக் கிளம்பும். முந்தின நாள் எல்லாரும் ஓட்டிப் பழகினோம். லயத்துக்குக் கீழே மாரியம்மன் கோயில் முடக்கை மூன்றாவது கியரில், ஆக்சிலேட்டரிலிருந்து கால் தூக்காமலே எடுக்கலாம் என்று நான்கு பேருக்கும் தெரிந்துபோனது. அந்த ஒரு பகலில் கிளம்பிய தூசி காயப்போட்ட துணியிலும் சோற்றுச் சட்டியிலும் அம்மன் முகத்திலும் படிந்துவிட்டது.

எனக்குக் கூடப் பிறந்தது ஓர் அக்கா மட்டும். கொழுந்து பறிப்பவள். அந்த லயத்திலேயே கட்டிக்கொடுத்து இரண்டு பிள்ளைகள். அம்மா போன பிறகு எனக்குச் சோறு போட்டவள் அவள்தான். என் பந்தயத்தைப் பற்றி அவளுக்கு ஒன்றும் புரியாது. தம்பி கார் வருகிறது, அவ்வளவுதான்.

பந்தயத்தன்று விடியற்காலையிலேயே அதிகாரிகள் ரோட்டைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். மற்ற மூன்று கார்களும் பாலத்தடியில் நின்றன. நான் பெக்டரி கராஜில் கார்புரேட்டரோடு மல்லுக்கட்டிவிட்டு, கடைசி ஆளாகக் கீழே இறங்கினேன். கோயில் முடக்குக்கு வந்தபோது பதினைந்து பெண்கள் வரிசையாக நின்றார்கள். மலைத் தண்ணீர் கொட்டும் பீலியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் பிடித்து, மஞ்சள் கரைத்து, ரோட்டில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அம்மன் தேர் வருகிற பாதையைத் தண்ணீர் தெளித்து நனைப்பது எங்கள் வழக்கம். தேருக்குச் செய்ததை என் காருக்குச் செய்தார்கள். முன்னால் நின்றது அக்கா.

"தம்பி, ஒனக்காகத்தான்! தூசி கெளம்பாம நல்லா நனைச்சு வச்சிருக்கோம்!" என்று கத்தினாள்.

நான் கையை ஆட்டினேன்.

மேலே சரளை, அடியில் நனைந்தால் வழுக்கும் செம்மண் களி. சவுக்கு மரங்களின் நிழலால் பகல் பன்னிரண்டு வரை அங்கே வெயில் விழாது. பந்தயத்துக்குள் அந்த முடக்கு காயாது என்று லொறிக்காரனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 'ஐயோ அக்கா, என்ன வேலை செய்தாய்' என்பதுதான் முதலில் மனதில் வந்தது. ஆனால் பாலத்தை எட்டுவதற்குள் இன்னொன்றும் வந்துவிட்டது. ஓட்டுகிற நான்கு பேரில் இது எனக்கு மட்டுமே தெரியும் என்பது.

பாலத்தடியில் கண்டியிலிருந்து வந்த சிங்களக்காரர் என் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டு எழுந்து வந்தார். எங்கள் நான்கு பேரில் அவர்தான் கெட்டிக்காரர். எல்லாரும் அவருக்குத்தான் கப் என்று பேசிக்கொண்டார்கள். பையிலிருந்து ஒரு புது ஸ்பார்க் பிளக்கை எடுத்துத் தந்தார்.

"ஒங்க பிளக் ஒண்ணு சரியில்ல. இத போடுங்க. சும்மா ஜெயிச்சா எனக்கு சந்தோஷம் இல்ல" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? பிளக்கை வாங்கிப் பூட்டிக்கொண்டு "தேங்க்ஸ்" என்றேன்.

கொடி விழுந்ததும் அவர் முன்னால் பாய்ந்தார். நான் அவர் தூசிக்குள்ளேயே ஏறினேன். முடக்குக்கு முப்பது கெஜம் முன்பே காலைத் தூக்கி இரண்டாவது கியருக்கு வந்தேன். அவர் தூக்கவில்லை. கார் திரும்பாமல் நேரே போனது. கானைத் தாண்டி, தேயிலைச் செடிகளை முறித்துக்கொண்டு, ஒரு கல்லில் பக்கவாட்டாக மோதி நின்றது. நான் நிற்கவில்லை. பின்னால் வந்த இருவரும் பயந்து மெதுவானார்கள். அதற்குப் பிறகு என்னை யாரும் நெருங்கவில்லை.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு அன்றைக்குக் குறுகுறுக்கவே இல்லை. கப்பைத் தூக்கிப் பிடித்தபோது சந்தோஷத்தில் நன்றாகத்தான் துடித்தது. சாயங்காலம்தான் செய்தி வந்தது. கண்டிக்காரரின் முழங்கால் நொறுங்கிவிட்டது, இனி கிளட்ச் மிதிக்க முடியாது.

அவருடைய ஆட்கள் சும்மா இருக்கவில்லை. நான்தான் பெண்களை வைத்துத் தண்ணீர் ஊற்றச் சொன்னேன் என்றார்கள். தோட்டத்து மேனேஜர் பெரியதுரை கொதித்துப்போனார். ரோட்டில் கைவைத்த பதினைந்து பெண்களுக்கும் பதினைந்து நாள் வேலை இல்லை என்று மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில், எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். கப்பைப் பற்றி முடிவெடுக்கும் முன், எனக்குத் தெரியுமா தெரியாதா என்று விசாரித்துச் சொல்லும்படி தோட்டத்துத் தொழிலாளர் தலைவரிடம் விட்டார். எங்கள் ஆட்களுக்குள் இப்படியொரு விசாரணை என்றால் அது கோயிலில்தான் முடியும். சூடம் கொளுத்தி, கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. பொய்ச் சத்தியம் செய்தவரின் பிள்ளைகளை அம்மன் விடமாட்டாள்.

அன்று சாயங்காலம் கோயில் வாசலில் லயமே கூடியிருந்தது. தலைவர் தட்டில் சூடத்தைக் கொளுத்தி என் முன் நீட்டினார்.

"தண்ணி ஊத்துனது ஒனக்கு முன்னாடியே தெரியாதுன்னு சத்தியம் பண்ணு தம்பி. இதோட முடிஞ்சிரும்."

என் கை எழவில்லை. உண்மையைச் சொல்ல வாயும் எழவில்லை. கல்லுளிமங்கன் மாதிரி நின்றேன். அப்போது அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"அது ஸ்டீயரிங் புடிக்கிற கை தலைவரே, சூடு பட வேணாம். தண்ணி ஊத்துனவ நானு. நானே பண்றேன். தம்பி கீழ போன பொறகுதான் ஊத்துனோம். அவன் பாக்கல. மாரியம்மா மேல சத்தியம்."

சொல்லிவிட்டு உள்ளங்கையால் சூடத்தை அழுத்தினாள். தீ அணைந்தது. மற்ற பதினான்கு பெண்களும் தரையைப் பார்த்தார்கள். நான் கையை ஆட்டியதை அவர்கள் எல்லாரும் பார்த்திருந்தார்கள்.

கப் எனக்கே என்று ஆனது. அதைக் காட்டித்தான் கொழும்பில் ஒரு கம்பெனி என்னைக் கூப்பிட்டு, நல்ல காராகத் தந்து ஓட்டச் சொன்னது. தார் ரோட்டிலும் சேற்றிலும் பல வருடம் ஓட்டினேன். நிறைய வென்றேன், நியாயமாகவே வென்றேன். ஒரு பந்தயத்துக்குக் கண்டிக்காரர் தடியூன்றிக்கொண்டு பார்க்க வந்தார். என் கையைப் பிடித்து, "அந்த மொடக்கு நீங்க எப்பிடி புரிஞ்சிக்கிட்டீங்க? இன்னும் யோசிக்கிறேன்" என்றார். குரலில் சந்தேகம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். பாராட்டுதான் இருந்தது. "பழக்கம்" என்று சொல்லிவிட்டு நழுவினேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில், தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தப்படி, அக்கா குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. கப்பலுக்குப் போகிறவர்களை அட்டன் ஸ்டேஷனில் ரயில் ஏற்ற வேண்டும். நானே என் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று போனேன். அதாவது ஒரு கைம்மாறு செய்துவிட்டதாக நினைத்துக்கொள்ளலாம் அல்லவா? மச்சானும் பிள்ளைகளும் பின்னால் ஏற, அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வழியனுப்ப லயத்து ஆட்கள் கோயில் முடக்குவரை வந்து நின்றார்கள்.

முடக்கு நெருங்கும்போது அக்கா என் கையைத் தொட்டாள்.

"இங்கன நிப்பாட்டு தம்பி. எறங்கி மாரியம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துரு. அன்னைக்கு நீ பாத்தன்னு சொல்லு. சத்தம் போட்டுச் சொல்ல வேணாம், மனசுக்குள்ள சொன்னாப் போதும். பொய்ச் சத்தியத்த தூக்கிக்கிட்டு புள்ளைகளோட கடல் தாண்ட பயமா இருக்கு."

அவள் எதையும் என்னிடம் கேட்டதில்லை. இதுதான் முதல் தடவை. வாசலில் அந்தப் பெண்களில் பாதிப் பேர் நின்றார்கள். நான் இறங்கிக் கண்ணை மூடி நின்றால், எதற்காக நிற்கிறேன் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். அவர்களுக்கு ஏற்கனவே தெரியும் என்பது எனக்கும் தெரியும். இருந்தும் கால் பிரேக்குக்குப் போகவில்லை.

"ட்ரெயினுக்கு நேரமாச்சுக்கா" என்றேன்.

முடக்கில் காலைத் தூக்கி, இரண்டாவது கியருக்கு வந்து, மெதுவாகத் திருப்பினேன். ரோடு நன்றாகக் காய்ந்துதான் இருந்தது. அக்கா என் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டாள்.

அன்றைக்கு ரயில் ஒரு மணி நேரம் தாமதம். அட்டன் பிளாட்பாரத்தில் தகரப் பெட்டியின் மேல் சின்னவளை மடியில் வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். பிள்ளையின் நெற்றியில் அடிக்கடி புறங்கையை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை. நான் எல்லாருக்கும் தேத்தண்ணி வாங்கப் போனேன்.